தமிழ் வீடியோ தளத்துக்கு எந்த சிடிஎன்? கிளவுட்ஃபிரண்ட், பன்னி, கிளவுட்ஃப்ளேர், ஃபாஸ்ட்லி, ஆகமாய் ஒப்பீடு

சிடிஎன் (வீடியோவின் நகலைப் பல ஊர் சர்வர்களில் வைத்துப் பார்வையாளருக்குப் பக்கத்திலிருந்து அனுப்பும் சேவை) வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "ஒரு ஜிபி என்ன விலை?" என்பதைத்தான். வீடியோவைப் பொறுத்தவரை அது இரண்டாவது கேள்வி. உங்கள் பார்வையாளர் சராசரியாக எத்தனை எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு எத்தனை மெகாபிட் வேகத்தில்) பார்க்கிறார், எந்த ஊரில் எந்த இணைப்பில் இருந்து பார்க்கிறார் என்பவை முதலில் தெரிய வேண்டும். இவை தெரியாவிட்டால், ஒரே நேரலைக்கு ஓரிடத்தில் 100 டாலரும் வேறோரிடத்தில் 1,900 டாலரும் பில் வருவது ஏன் என்றே புரியாது.

மாதம் சில டிபியில் தொடங்கிச் சில நூறு டிபி வரை வீடியோ அனுப்புகிறவர்களுக்கான ஒப்பீடு இது: சிறிய ஓடிடி, பயிற்சி மையத்தின் வகுப்புகள், கோயில் விழா அல்லது கச்சேரி நேரலை. இவர்களின் பார்வையாளர்கள் ஒரே ஊரில் இருப்பதில்லை. பாதிப் பேர் தமிழ்நாட்டில், மீதிப் பேர் வளைகுடா, சிங்கப்பூர், கொழும்பு, லண்டன், டொரோண்டோ என்று சிதறியிருப்பார்கள். பெரிய கிரிக்கெட் ஆட்டங்களின் உலகம் வேறு. 2023 நவம்பர் 19 அன்று உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். அந்த அளவில் விலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நாட்டில் உள்ள மொத்தக் கொள்ளளவுதான் பேச்சு. நெட்ஃப்ளிக்ஸ் தன் ஓப்பன் கனெக்ட் பெட்டிகளை இணைய நிறுவனங்களின் வளாகத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது. அது விற்பனைக்கு இல்லை. யூடியூபின் கட்டமைப்பு மட்டும் மீடியா சிடிஎன் என்ற பெயரில் 2022 முதல் கூகுள் கிளவுடில் கிடைக்கிறது. அதுவும் பெரிய அளவில் வாங்குபவர்களை மனதில் வைத்தது என்பதால் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் கணக்கு

1 எம்பிபிஎஸ்ஸில் ஒரு மணி நேரம் ஓடினால் 450 எம்பி. இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் போதும். 3 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு 1.35 ஜிபி. ஒரு கும்பாபிஷேக நேரலை ஒன்றரை மணி நேரம் நடக்கிறது, 10,000 பேர் முழுதாகப் பார்க்கிறார்கள் என்று கொள்வோம். 20,250 ஜிபி, அதாவது சுமார் 20 டிபி போகும். அந்த நேரத்தில் உச்ச வேகம் 30 ஜிபிபிஎஸ்.

எல்லோரும் இந்தியாவில் இருக்கிறார்கள் என்றால், கிளவுட்ஃபிரண்டின் வழக்கமான பட்டியல் விலையில் முதல் 10 டிபிக்கு ஜிபி 0.109 டாலர், அடுத்த 40 டிபிக்கு 0.085 டாலர். மாதம் 1 டிபி இலவசம் போக 1,900 டாலரை ஒட்டி வரும். பன்னியின் ஸ்டாண்டர்ட் நெட்வொர்க்கில் ஆசியா 0.03 டாலர் என்பதால் சுமார் 607. அதே பன்னியின் வால்யூம் நெட்வொர்க்கில் 0.005 என்பதால் 101. கிளவுட்ஃப்ளேரின் வீடியோ சேவையான ஸ்ட்ரீம் ஜிபியைப் பார்ப்பதில்லை, நிமிடத்தை எண்ணுகிறது. 1,000 நிமிடத்துக்கு 1 டாலர் வீதம் 9 லட்சம் நிமிடத்துக்கு 900 டாலர்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு "பன்னிதான் மலிவு" என்று முடிவெடுப்பவர்களே அதிகம். பிட்ரேட்டை, அதாவது வீடியோ ஓடும் எம்பிபிஎஸ் அளவை, மாற்றிப் பாருங்கள். கிராமப்புற மொபைலில் 360பி, 0.7 எம்பிபிஎஸ் என்றால் அதே நிகழ்ச்சிக்கு 4.7 டிபிதான் போகும். கிளவுட்ஃபிரண்ட் 400 டாலருக்கு இறங்கிவிடும், பன்னி ஸ்டாண்டர்ட் 142. ஸ்ட்ரீம் அப்போதும் அதே 900. வரவேற்பறை டிவியில் 6 எம்பிபிஎஸ்ஸில் பார்க்கிறார்கள் என்றால் 40.5 டிபி ஆகும். கிளவுட்ஃபிரண்ட் 3,600ஐத் தொடும், பன்னி 1,215. ஸ்ட்ரீம் இப்போதும் 900! ஆக, நிமிடக் கட்டணம் டிவிக்காரர்களுக்கு லாபம். போனில் வகுப்பு பார்க்கும் மாணவர்களை வைத்திருப்பவருக்கு அது நஷ்டம். ஸ்ட்ரீமில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. பிளேயர் முன்கூட்டியே இறக்கி வைக்கும் செக்மென்ட்களும் (வீடியோவின் சில நொடித் துண்டுகளும்) நிமிடக் கணக்கில் சேரும். பார்வையாளர் பத்தாவது நொடியில் மூடிவிட்டுப் போனாலும் இறக்கியதற்குக் காசு.

உங்கள் சராசரி பிட்ரேட் என்ன என்று தெரியாவிட்டால் யூகிக்க வேண்டாம். பிளேயரின் அனலிட்டிக்ஸில் இருக்கும். இல்லையென்றால் ஒரு வாரத்து சிடிஎன் லாக்கில் மொத்த பைட்டைப் பார்த்த நேரத்தால் வகுத்தால் வந்துவிடும். உயர்ந்தபட்சத் தரமாக 1080பி 5 எம்பிபிஎஸ் வைத்திருந்தாலும், போனில் பார்ப்பவர் அதிகமுள்ள தமிழ் தளங்களில் சராசரி அதற்கு வெகு கீழேதான் நிற்கும்.

கிளவுட்ஃபிரண்ட்

இது அமேசானின் சிடிஎன். வீடியோக்கள் ஏற்கெனவே அமேசானின் சேமிப்புச் சேவையான எஸ்3இல், மும்பையில் இருந்தால் இதிலிருந்து தொடங்குவதே சுலபம். எஸ்3யிலிருந்து கிளவுட்ஃபிரண்டுக்குப் போகும் டேட்டாவுக்குக் கட்டணம் இல்லை. சென்னை, மும்பை, பெங்களூரு, ஹைதராபாத், டெல்லி, கொல்கத்தா ஆகிய இடங்களில் எட்ஜ் (பார்வையாளருக்குப் பக்கத்தில் உள்ள சிடிஎன் சர்வர்) உண்டு. சைன்டு குக்கி (அனுமதி பெற்றவர் மட்டும் பார்க்க வைக்கும் கையொப்பமிட்ட அடையாளம்), டிஆர்எம் (நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டு), லாக், எல்லாம் முதிர்ந்த நிலையில் உள்ளன. பில் இந்திய நிறுவனத்தின் பெயரில் 18% ஜிஎஸ்டியோடு வரும், உள்ளீட்டு வரி எடுத்துக்கொள்ளலாம். வெளிநாட்டு நிறுவனமென்றால் ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நீங்களே கட்டிக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கும். ஆடிட்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பிரைஸ் கிளாஸ் என்ற அமைப்பில் கவனம் தேவை. காசு மிச்சம் என்று "100" வகுப்பைத் தேர்ந்தெடுத்தால் அதில் இந்திய எட்ஜ் சேராது. சென்னைப் பார்வையாளருக்கு ஐரோப்பாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வீடியோ வரும். குறைந்தது "200" வேண்டும்.

2025 நவம்பரில் மாதச் சந்தாத் திட்டங்களையும் கொண்டுவந்தார்கள்: 15, 200, 1,000 டாலர். வரம்பைத் தாண்டினாலும் கூடுதல் பில் வராது என்பது கவர்ச்சிதான். 15 டாலர் திட்டத்தில் 50 டிபியோடு மாதம் 1 கோடி கோரிக்கை என்ற வரம்பும் சேர்ந்தே வருகிறது. வீடியோவில் முதலில் தீர்வது இரண்டாவது எண்தான். 6 நொடி செக்மென்ட்டில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருவருக்கு 900 செக்மென்ட், நேரலை என்பதால் கிட்டத்தட்ட அதே அளவு பிளேலிஸ்ட் (அடுத்து ஓட வேண்டிய செக்மென்ட்களின் பட்டியல் கோப்பு) கோரிக்கை. 10,000 பேருக்கு 1.8 கோடி. ஒரே நிகழ்ச்சியில் மாத வரம்பு உடைந்துவிடும். 2 நொடி செக்மென்ட் வைத்து ஆடியோவையும் தனியாகப் பிரித்திருந்தால் கேட்கவே வேண்டாம். வரம்பு மீறினால் சேவைத் தரத்தைக் குறைக்க அவர்களுக்கு உரிமை உண்டு. விழா நாளில் அதைச் சோதித்துப் பார்ப்பது புத்திசாலித்தனம் அல்ல. பதிவு வீடியோ மட்டும் வைத்திருக்கும் சிறிய தளத்துக்குச் சந்தா பொருந்தும்.

பன்னி

ஸ்லோவேனியாவின் லுப்லியானாவிலிருந்து நடக்கும் நிறுவனம். விலைப் பட்டியல் ஒரே பக்கத்தில் புரியும், ஒப்பந்தம் எதுவும் கிடையாது, குறைந்தபட்சம் மாதம் 1 டாலர். ஐரோப்பா, வட அமெரிக்கா 0.01. ஆசியா 0.03. மத்திய கிழக்கும் ஆப்பிரிக்காவும் 0.06. பார்வையாளர்களில் பாதிப் பேர் துபாய், தோஹா என்றால் உங்கள் சராசரி விலை 0.03ஐ விட மேலே போகும் என்பதைக் கணக்கில் சேருங்கள். மண்டலங்களைத் தனித்தனியாக அணைக்கும் வசதி உண்டு. மத்திய கிழக்கை அணைத்தால் வளைகுடாக்காரர்களுக்கு வேறு மண்டலத்திலிருந்து வரும். பதிவு வீடியோவுக்கு அது பரவாயில்லை, நேரலைக்கு வேண்டாம்.

வால்யூம் நெட்வொர்க்கின் 0.005 விலையைப் பார்த்து மயங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது பத்துப் பதினொரு பெரிய இடங்களில் மட்டும் இயங்குவது, பெரிய கோப்புகளை இறக்குவதற்காக அமைத்தது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் போய்வர 30–40 மில்லி நொடி ஆகும். ஒரு மணி நேர வகுப்பு வீடியோவுக்கு அது பிரச்சினையே இல்லை, முதல் படம் தெரிய அரை நொடி கூடலாம், அவ்வளவுதான். இரவு எட்டு மணிக்கு மேல் உங்கள் பார்வையாளரின் இணைய நிறுவனம் சிங்கப்பூர்ப் பாதையில் நெரிசலோடு இருந்தால்தான் சிக்கல். அதை அளந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும், எப்படி என்று கீழே பார்ப்போம்.

பன்னி ஸ்ட்ரீம் என்ற சேவையில் வீடியோவை ஏற்றினால் என்கோடிங் (பல தரங்களுக்கு மாற்றுவது) இலவசம், பிளேயரும் கிடைக்கும். சேமிப்புக்கும் பரிமாற்றத்துக்கும் மட்டும் காசு. சிறிய பயிற்சி மையத்துக்கு இதைவிடக் குறைந்த தலைவலியில் எதுவும் அமையாது. குறை என்னவென்றால் இது முன்பணக் கணக்கு. இருப்புத் தீர்ந்தால் சேவை நின்றுவிடும். தானாக நிரப்பும் அமைப்பைப் போட்டுவிட்டு, அந்த கார்டு இந்திய வங்கியின் தொடர் கட்டண விதிகளில் மாட்டாமல் போகிறதா என்று ஒருமுறை சோதியுங்கள். பெரிய நிகழ்ச்சிக்கு முன் கையால் பணம் போட்டுவிடுவதே நிம்மதி.

கிளவுட்ஃப்ளேர்

சாதாரண இலவச, ப்ரோ, பிசினஸ் திட்டங்களில் வேறெங்கோ வைத்திருக்கும் வீடியோவை முன்னால் நின்று பரிமாற அவர்கள் விதிமுறை அனுமதிப்பதில்லை. "கிளவுட்ஃப்ளேர் இலவசம்தானே, வீடியோவையும் அதிலேயே விட்டுவிடலாம்" என்று சொல்பவர்கள் இந்த வரியைப் படித்திருக்க மாட்டார்கள். அவர்களுடைய ஸ்ட்ரீமிலோ ஆர்2 என்ற சேமிப்பிலோ வைத்தால் தடை இல்லை.

ஆர்2 சுவாரசியமானது. சேமிப்புக்கு ஜிபி மாதம் 0.015 டாலர், வெளியே போகும் டேட்டாவுக்குக் கட்டணமே இல்லை. மேலே போட்ட கணக்கில் 20 டிபிக்கு டேட்டா கட்டணம் பூஜ்யம்! ஆனால் அப்படியே போட்டுவிட்டுப் போக முடியாது. ஒன்று, ஆர்2 தரும் பொதுச் சோதனை முகவரியில் வேக வரம்பு உண்டு, சொந்த டொமைனில்தான் இணைக்க வேண்டும். இரண்டு, கிளவுட்ஃப்ளேர் தானாகக் கேஷ் செய்யும் (எட்ஜில் நகலை வைத்துக்கொள்ளும்) கோப்பு வகைகளில் எம்பி4 உண்டு, எச்எல்எஸ் (வீடியோவைச் செக்மென்ட்களாக அனுப்பும் முறை) பிளேலிஸ்ட்டும் செக்மென்ட் கோப்புகளும் இல்லை. கேஷ் ரூல் எழுதாவிட்டால் ஒவ்வொரு செக்மென்ட்டும் ஆர்2வரை போய்வரும். வேகமும் போகும், 10 லட்சம் வாசிப்புக்கு 0.36 டாலர் என்று எண்ணிக்கையும் ஏறும். மூன்று, எண்டர்பிரைஸ் தவிர்த்த திட்டங்களில் 512 எம்பிக்கு மேற்பட்ட கோப்பு கேஷ் ஆகாது. ஒரு முழுப் படத்தை ஒரே எம்பி4 ஆக வைத்தால் இதில்தான் மாட்டும். எச்எல்எஸ் செக்மென்ட்டுக்கு இந்தக் கவலை இல்லை.

கொழும்பிலும் இவர்களுக்கு இடம் உண்டு. இலங்கைப் பார்வையாளர் கணிசமாக இருந்தால் பட்டியலில் இதைச் சேர்ப்பதற்கு அது நல்ல காரணம்.

ஃபாஸ்ட்லியும் ஆகமாயும்

ஃபாஸ்ட்லி நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கானது. வார்னிஷ் என்ற கேஷ் மென்பொருளின் மேல் கட்டியது, அதன் விசிஎல் மொழியில் கேஷின் ஒவ்வொரு முடிவையும் நீங்களே எழுதலாம். உலகம் முழுதும் கேஷை அழிக்கச் சுமார் 150 மில்லி நொடி. நேரலையில் தவறான படம் போய்விட்டால் உடனே துடைக்கலாம் என்பது செய்தித் தளங்களுக்குப் பெரிய விஷயம். ஒரு பக்திச் சேனலுக்கு அந்தத் திறனுக்காகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. குழுவில் விசிஎல் எழுத ஆள் இல்லையென்றால் இதைத் தொட வேண்டாம்.

ஆகமாய் 1998இல் தொடங்கியது. இதன் பலம் சர்வர்கள் இருக்கும் இடம்: 130க்கும் மேற்பட்ட நாடுகளில், இணைய நிறுவனங்களின் வலையமைப்புக்கு உள்ளேயே. பார்வையாளரின் கோரிக்கை அவருடைய நிறுவனத்தை விட்டு வெளியே வராமலே பதில் கிடைத்துவிடும் வாய்ப்பு அதிகம். விலை ஒப்பந்தத்தில் பேசித் தீர்ப்பது, ஆண்டுக்கு இவ்வளவு என்று உறுதி கேட்பார்கள். நூறு டிபிக்குக் கீழே இருப்பவர் நேரடியாகப் போனால் நல்ல விலை கிடைப்பது கடினம்.

ஒப்பந்தப் பேச்சில் "95ஆவது பெர்சென்டைல்" என்று ஒரு கட்டண முறை வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தை அளந்து, மாதத்தின் 8,640 அளவுகளில் உச்சமான 5 சதவீதத்தைத் தள்ளிவிட்டு மிச்சத்தின் உச்சத்துக்குக் கட்டணம் போடுவது. தள்ளப்படும் 432 அளவுகள் என்பது 36 மணி நேரம். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் மட்டும் பெரிய நேரலை நடத்தும் தளத்துக்கு உச்சமெல்லாம் அந்த 36 மணிக்குள் மறைந்துவிடும், காகிதத்தில் கொண்டாட்டம்தான். விற்பவருக்கும் இது தெரியும். அதனால் உச்ச வேகத்துக்குத் தனி வரம்பும் மீறினால் தனிக் கட்டணமும் சிறிய எழுத்தில் இருக்கும். கையெழுத்துக்கு முன் அந்தப் பத்தியை மட்டுமாவது படியுங்கள்.

பழி சிடிஎன் மேல், தவறு வேறெங்கோ

"வீடியோ சுத்திக்கிட்டே இருக்கு, சிடிஎன் சரியில்லை" என்ற புகாரை நோண்டினால் பெரும்பாலும் அமைப்பில்தான் கோளாறு இருக்கும். எந்த நிறுவனத்துக்கு மாறினாலும் கூடவே வரும் கோளாறுகள் இவை.

நேரலையில் முதல் குற்றவாளி பிளேலிஸ்ட் கோப்பு. சில கேபி அளவுள்ள அந்தக் கோப்பு ஒவ்வொரு செக்மென்ட்டுக்கும் ஒருமுறை மாறுகிறது. கேஷ் நேரம் எதுவும் சொல்லாமல் விட்டால் கிளவுட்ஃபிரண்ட் தன் இயல்பான 24 மணி நேரத்தை எடுத்துக்கொள்ளும். படம் அப்படியே உறைந்து நிற்கும். அதற்குப் பயந்து பூஜ்யம் போட்டால் எல்லோரும் நேராக ஆரிஜினில் (மூல வீடியோ இருக்கும் சர்வரில்) வந்து நிற்பார்கள். 6 நொடி செக்மென்ட்டில் 10,000 பேர் என்றால் நொடிக்கு 1,700 கோரிக்கை, சிறிய சர்வர் படுத்துவிடும். செக்மென்ட் நீளத்தில் பாதி அல்லது அதற்குக் கொஞ்சம் கீழே வையுங்கள்: 6 நொடிக்கு 2 அல்லது 3. செக்மென்ட் கோப்புகள் ஒருமுறை எழுதினால் மாறாதவை, அவற்றுக்கு நீண்ட நேரம் கொடுக்கலாம். பதிவு வீடியோவில் ஓராண்டு கூட. இதைக் கேஷ் நேரத்துக்கான ஹெடரில் எஸ்-மேக்ஸ்ஏஜ் மூலம் சிடிஎன்னுக்குத் தனியாகவும், மேக்ஸ்ஏஜ் மூலம் பிளேயருக்குத் தனியாகவும் சொல்வது நல்லது.

இரண்டாவது, பிழையையும் கேஷ் செய்வது. என்கோடர் பிளேலிஸ்ட்டை முதலில் எழுதிவிட்டு செக்மென்ட்டை ஏற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு பிளேயர் அவசரப்பட்டுக் கேட்கும். ஆரிஜின் 404 (கோப்பு இல்லை) சொல்லும். கிளவுட்ஃபிரண்ட் அந்த 404ஐ இயல்பாக 10 நொடி வைத்துக்கொள்ளும். அதற்குள் செக்மென்ட் வந்து சேர்ந்துவிட்டாலும் அந்த எட்ஜில் உள்ள எல்லோருக்கும் "இல்லை" என்றே பதில் போகும். சில ஊர்களில் மட்டும், அவ்வப்போது மட்டும் நிற்கிறது என்ற மர்மப் புகாருக்குக் காரணம் பல நேரம் இதுதான். செக்மென்ட் முழுதாக ஏறிய பிறகே பிளேலிஸ்ட் எழுதும்படி பேக்கேஜரை (செக்மென்ட்களாக வெட்டும் மென்பொருளை) அமையுங்கள், பிழைக்கான கேஷ் நேரத்தை 1 நொடிக்கு இறக்குங்கள்.

மூன்றாவது, டோக்கன் என்ற அனுமதிச் சீட்டு. ஒவ்வொரு பார்வையாளருக்கும் தனி டோக்கனை முகவரியின் வால்பகுதியில் ஒட்டி, அந்த வாலையும் கேஷ் சாவியில் (எந்த நகல் என்று சிடிஎன் அடையாளம் காணும் பெயரில்) சேர்த்துவிட்டால் ஒரே செக்மென்ட்டுக்கு 10,000 தனித்தனிப் பிரதிகள். ஹிட் விகிதம் (கேஷிலிருந்தே பதில் கிடைக்கும் பங்கு) தரைமட்டம். கிளவுட்ஃபிரண்ட் தன் சொந்தக் கையொப்பத்தைத் தானே சாவியிலிருந்து கழற்றிவிடும். நீங்களே உருவாக்கிய டோக்கனை நீங்கள்தான் கழற்ற வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. பிளேலிஸ்ட்டில் செக்மென்ட் முகவரிகள் சார்பு முகவரிகளாக (முழு முகவரி இல்லாமல் கோப்புப் பெயர் மட்டுமாக) இருந்தால் வாலில் ஒட்டிய டோக்கன் அவற்றுக்குப் போய்ச் சேராது. பிளேலிஸ்ட் திறக்கும், செக்மென்ட்டுக்கு 403 (அனுமதி மறுப்பு) வரும். கிளவுட்ஃபிரண்டில் சைன்டு குக்கி, பன்னியில் முகவரியின் பாதையிலேயே அமையும் டோக்கன், இவைதான் எச்எல்எஸ்ஸுக்குச் சரி.

நான்காவது, பிரவுசரில் மட்டும் ஓடாமல் போனில் ஓடும் வீடியோ. வேறு தளத்தின் வீடியோவை ஓட்ட பிரவுசருக்கு அனுமதி சொல்லும் சிஓஆர்எஸ் ஹெடரை எஸ்3 கேட்டவருக்குத்தான் தரும். ஆப்பிலிருந்து வந்த முதல் கோரிக்கையில் அது கேட்கப்படாது, ஹெடர் இல்லாத பதில் கேஷில் உட்காரும், அடுத்து பிரவுசரில் வருபவருக்குத் தடை. சிடிஎன் பக்கமே அந்த ஹெடரை எப்போதும் சேர்க்கும்படி வைத்துவிட்டால் முடிந்தது.

ஆரிஜினைக் காக்க ஷீல்டு என்ற நடு அடுக்கு எல்லா நிறுவனங்களிடமும் ஏதோ ஒரு பெயரில் உண்டு. எல்லா எட்ஜும் ஷீல்டிடம் கேட்கும், ஷீல்டு மட்டும் ஆரிஜினிடம் கேட்கும். அதை ஆரிஜினுக்குப் பக்கத்தில் வையுங்கள், பார்வையாளருக்குப் பக்கத்தில் அல்ல. எஸ்3 மும்பை என்றால் ஷீல்டும் மும்பை. பன்னியில் ஒரே கோப்புக்கான கோரிக்கைகளை ஒன்றாகச் சேர்க்கும் ரிக்வெஸ்ட் கோலெசிங்கைத் தனியாகப் போட வேண்டும். நேரலை நடத்துபவர் இதை மறந்தால் புதிய செக்மென்ட் வரும் ஒவ்வொரு முறையும் ஆரிஜினில் கூட்டம் சேரும்.

குறைந்த தாமத எச்எல்எஸ் வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று. அதில் பிளேயர் இன்னும் உருவாகாத பகுதியைக் கேட்டு, அது வரும்வரை காத்திருக்கும். சிடிஎன் அந்தக் கோரிக்கையைப் பிடித்து வைத்திருக்க வேண்டும், முகவரியில் வரும் வரிசை எண்களையும் கேஷ் சாவியில் சேர்க்க வேண்டும். மேலே டோக்கனுக்குச் சொன்னதற்கு நேர் எதிர். இரண்டையும் குழப்பிக்கொண்டு "எல்லா வாலையும் தள்ளு" என்று வைத்தால் குறைந்த தாமதம் உடைந்துவிடும். கும்பாபிஷேகத்தை 20 நொடி தாமதமாகப் பார்ப்பதில் யாருக்கும் வருத்தமில்லை. ஏலம், கேள்வி-பதில் வகுப்பு தவிர்த்து இந்தத் தொல்லை தேவையில்லை.

அளப்பது எப்படி

நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள வரைபடத்தில் சென்னையில் புள்ளி இருப்பதால் உங்கள் பார்வையாளருக்குச் சென்னையிலிருந்தே வரும் என்று பொருளல்ல. இணைய நிறுவனத்துக்கும் சிடிஎன்னுக்கும் எங்கே இணைப்பு இருக்கிறது, நீங்கள் எந்தத் திட்டத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மும்பைக்கோ சிங்கப்பூருக்கோ திரும்பலாம். பதிலோடு வரும் ஹெடரில் விமான நிலையக் குறியீடு இருக்கும்: கிளவுட்ஃப்ளேரில் சிஎஃப்-ரே ஹெடரின் கடைசி மூன்றெழுத்து, கிளவுட்ஃபிரண்டிலும் ஃபாஸ்ட்லியிலும் அதேபோன்ற ஹெடர்கள். எம்ஏஏ என்றால் சென்னை, பிஓஎம் மும்பை, எஸ்ஐஎன் சிங்கப்பூர்.

ஒரு சோதனை செக்மென்ட்டை எடுத்துக்கொண்டு கர்ல் என்ற கட்டளை வரி நிரலால் முதல் பைட் வரும் நேரத்தையும் மொத்த நேரத்தையும் பாருங்கள். ஒரே கோப்பை இரண்டு முறை கேளுங்கள். முதல் முறை மிஸ், இரண்டாம் முறை ஹிட் வர வேண்டும். இரண்டாவதும் மிஸ் என்றால் கேஷ் அமைப்பைத் திருத்தாமல் மேலே போக வேண்டாம். 3 எம்பிபிஎஸ்ஸில் 6 நொடி செக்மென்ட் 2.25 எம்பி. அது 2 நொடிக்குள் இறங்கினால் நிம்மதி, 4 நொடியைத் தாண்டினால் பிளேயர் தரத்தைக் குறைக்கத் தொடங்கும். பிஎஸ்என்எல் ஃபைபர், ஜியோ மொபைல், ஏர்டெல், உங்கள் பார்வையாளர் பகுதியின் உள்ளூர் கேபிள் இணைப்பு என்று நான்கிலும், இரவு 8 முதல் 11 மணிக்குள், செய்யுங்கள். காலை பத்து மணிக்கு அலுவலக லீஸ்டு லைனில் எடுத்த எண்ணுக்கு மதிப்பே கிடையாது. வளைகுடாவில் ஒருவர் நட்பாக இருந்தால் அவரிடமும் கேளுங்கள்.

டொமைன் பெயரை சர்வர் முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸும் இதில் விளையாடும். ஆகமாயும் கிளவுட்ஃபிரண்டும் டிஎன்எஸ் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று பார்த்து எட்ஜைத் தேர்ந்தெடுக்கின்றன. 1.1.1.1 போன்ற பொது டிஎன்எஸ் பயனரின் முகவரிப் பகுதியைச் சொல்லாது. அதை வைத்திருப்பவருக்குத் தன் நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் சர்வர் கிடைக்காமல் போகலாம். கிளவுட்ஃப்ளேர் எனிகாஸ்ட் முறையில் (எல்லா இடங்களுக்கும் ஒரே முகவரி) இயங்குவதால் இந்தச் சிக்கல் அங்கே இல்லை.

எதை எடுப்பது

பதிவு வகுப்புகள், மாணவர்கள் போனில் பார்ப்பவர்கள்: பன்னி ஸ்ட்ரீம், ஸ்டாண்டர்ட் நெட்வொர்க். வால்யூமுக்கு மாறுவதை அளந்த பிறகு யோசிக்கலாம். டிவி ஆப் வைத்த சிறிய ஓடிடி, உயர் பிட்ரேட்: ஆர்2வும் சரியான கேஷ் ரூலும், அல்லது ஆள் பலம் இல்லையென்றால் கிளவுட்ஃப்ளேர் ஸ்ட்ரீம். கட்டணம் வாங்கி நடத்தும் நேரலை, டிஆர்எம், எஸ்3 ஏற்கெனவே உண்டு: கிளவுட்ஃபிரண்ட், விலை வலித்தாலும். ஆண்டு உறுதி கொடுத்தால் அவர்களும் குறைப்பார்கள், கேட்காமல் தரமாட்டார்கள்.

எதை எடுத்தாலும் நிறுவனம் தரும் முகவரியை ஆப்புக்குள் எழுதிவிடாதீர்கள். லைம்லைட்டும் எட்ஜ்காஸ்டும் சேர்ந்து உருவான எட்ஜியோ 2024 செப்டம்பரில் திவாலுக்கு விண்ணப்பித்தது, 2025 ஜனவரி நடுவில் அதன் வலையமைப்பு நின்றுவிட்டது. ஸ்டாக்பாத் அதற்கு முன்பே 2023இல் சிடிஎன் தொழிலை விட்டு வெளியேறியது. பெரிய நிறுவனங்களும் சில மணி நேரம் விழுவதுண்டு. 2021 ஜூன் 8 அன்று ஒரு வாடிக்கையாளர் செய்த சாதாரண அமைப்பு மாற்றம் மறைந்திருந்த பிழையைத் தூண்டியதால் ஃபாஸ்ட்லியின் வலையமைப்பில் 85% பிழை காட்டியது. 2025 நவம்பர் 18 அன்று கிளவுட்ஃப்ளேரும் விழுந்தது. சொந்த டொமைனில் ஒரு துணைப்பெயர், அதன் டிஎன்எஸ் ஆயுள் 60 நொடி, இரண்டாவது நிறுவனத்தில் காலியாக ஒரு கணக்கு: இவை இருந்தால் மாறுவது பத்து நிமிட வேலை. டிவி ஆப்பில் முகவரியைப் பதித்திருந்தால் ஸ்டோர் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும்.

இரண்டு சிடிஎன்னையும் ஒரே நேரத்தில் ஓட்ட விரும்பினால் ஆப்பிள் 2021இல் எச்எல்எஸ்ஸில் சேர்த்த கன்டென்ட் ஸ்டீயரிங் போதும், தனியாக மென்பொருள் வாங்கத் தேவையில்லை. முதன்மை பிளேலிஸ்ட்டில் இரு பாதைகளையும் எழுதி, எது முதலில் என்று சொல்லும் சிறிய ஜேசன் கோப்பை ஓரிடத்தில் வைக்க வேண்டும். பிரவுசர் பிளேயரான எச்எல்எஸ்.ஜேஎஸ் 1.4 முதல் இதைப் புரிந்துகொள்கிறது. பழைய ஸ்மார்ட் டிவிகளில் பல புரிந்துகொள்ளாமல் முதல் பாதையிலேயே போய்க்கொண்டிருக்கும், அதனால் நம்பகமானதை முதலில் எழுதுங்கள். அந்த ஜேசன் கோப்பை இரண்டு சிடிஎன்களில் ஒன்றின் பின்னால் வைத்துவிடாமல் மூன்றாவது இடத்தில் வையுங்கள். இரண்டாவது பாதைக்கு எப்போதும் ஐந்து சதவீதமாவது போக்குவரத்தை அனுப்பிக்கொண்டே இருங்கள். கேஷ் முழுக்கக் காலியாக இருக்கும் சிடிஎன்னுக்கு எல்லோரையும் திடீரெனத் திருப்பினால் அடுத்த நிமிடம் ஆரிஜின் விழும்.